இரவில் எரியட்டும் பாசி விளக்கு!

கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பது செலவு பிடித்த ஆசை. மீன் வாங்க வேண்டும். பவளம் வாங்க வேண்டும். தண்ணீருக்கு உப்பு அளந்து கலக்க வேண்டும். இத்தனையும் செய்கிறவர்கள் ஒரு சிறிய விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். அதுதான் பாசித் தொட்டி விளக்கு!

பாசித் தொட்டி என்றால் என்ன?

பெரிய தொட்டிக்கு அடியிலோ, பக்கத்திலோ ஒரு சிறு தொட்டி இருக்கும். அதற்கு "ரெப்யூஜியம்" என்று பெயர். புகலிடம் என்று பொருள். மீன் வாய்க்குத் தப்பிய சிற்றுயிர்கள் அங்கே பெருகும். பாசியும் வளரும். பெரிய தொட்டித் தண்ணீர் அதற்குள் போய்த் திரும்பி வரும். மீன் கழிவில் உண்டாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி உறிஞ்சிவிடும். வளர்ந்த பாசியைக் கிள்ளி எறிந்தால் அழுக்கும் அதோடு போகும்.

இந்தப் பாசிக்கு எப்போது வெளிச்சம் கொடுப்பது?

இரண்டு விளக்கையும் காலையில் ஒன்றாகப் போட்டு, இரவில் ஒன்றாக அணைக்கிறார்கள் பலர். இது சரி அல்ல. வெளிச்சத்தில்தான் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பிராண வாயுவை விடும். இருட்டில் அதுவும் மீனைப்போலப் பிராண வாயுவைச் செலவழிக்கும். இரண்டு தொட்டியும் இருண்டால் கரியமில வாயு ஏறும். "பி.எச்." என்னும் காரத்தன்மை அளவு இறங்கும். விடியற்காலையில்தான் நிலைமை மிக மோசம்.

ஆகவே, பெரிய விளக்கு இரவு 9 மணிக்கு அணைந்ததும் சிறு விளக்கு எரிய வேண்டும். மறுநாள் காலை 9 மணிக்கு அணையலாம். டைமர் சுவிட்சு இருந்தால் யாரும் விழித்திருக்க வேண்டாம். இது புது யோசனையும் அல்ல. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிலைய விஞ்ஞானி வால்டர் ஏடி, 1980-ம் ஆண்டுகளிலேயே பவளத் தொட்டிகளில் இப்படி மாற்றி விளக்கு எரித்தார்.

"24 மணி நேரமும் எரியவிட்டால் என்ன?" என்பவர்களும் உண்டு. அவர்கள் பயம் காலர்ப்பா பாசியைப் பற்றியது. அது திடீரென இனப்பெருக்கத்தில் இறங்கினால் உடல் வெளுத்துக் கரைந்துவிடும். தண்ணீர் கலங்கும். மீன்கள் மூச்சுத் திணறும். ஓயாத வெளிச்சம் இதைத் தடுக்கும் என்று நம்புகிறார்கள். அதற்காக இரட்டிப்பு மின்சாரம் செலவழிப்பானேன்? பாசியை மாற்றிவிடலாமே! சிக்குப் பிடித்த பச்சை நூல் போன்ற கீட்டோமார்பாவிடம் இந்தத் தொல்லை இல்லை.

மீனுக்கும் தூக்கம் உண்டு. சிறு விளக்கின் வெளிச்சம் பெரிய தொட்டியில் விழாமல் ஓர் அட்டையை வைத்து மறைத்துவிட வேண்டும்.