கட்சிக்கு ஜாதகமாம்!

தோழா,

தேர்தல் என்றதும் கம்பத்திலே கொடி ஏறுகிறது. சுவரிலே சின்னம் ஏறுகிறது. கூடவே வார இதழிலும் தொலைக்காட்சித் திரையிலும் பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு சதுரமும் ஏறிவிடுகிறது. முன்னாளில் அந்தச் சதுரத்துக்குள் அடைபட்டவன் தனி மனிதன். மகளுக்கு மணம் எப்போது, மகனுக்கு வேலை எப்போது என்று கேட்க அதை விரித்தார்கள். இன்றோ கட்சிகளையே பிடித்து அதற்குள் அடைக்கிறார்கள்! இந்தக் கட்சிக்கு இன்ன லக்கினம், அந்தக் கட்சிக்கு ஏழரை நாட்டுச் சனி, மற்றொன்றுக்குக் குரு பார்வை. ஆகவே இதற்கு இத்தனை இடம், அதற்கு இன்ன மாதத்திலே பிளவு என்று விளம்புகிறார்கள். வாக்காளர் வீட்டைவிட்டுப் புறப்படவில்லை. வாக்கு இயந்திரம் கிடங்கை விட்டுக் கிளம்பவில்லை. தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது!

சிரித்துவிட்டுப் போகலாமே என்பாய். நானும் சிரிக்கத்தான் போகிறேன். ஆனால் அண்மையில் ஒரு கிளைக் கூட்டத்தில், வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஆள் கேட்டபோது, "நமக்கு இப்போது தசை சரியில்லையாமே, அலைந்து என்ன பயன்?" என்று ஒரு தோழர் முணுமுணுத்தார். கொள்கையிலே ஐயமில்லை அவருக்கு. உழைப்புக்கு அஞ்சுபவரும் அல்லர். கட்டம் போட்டவன் அவருடைய காலைக் கட்டிப்போட்டிருக்கிறான். அந்த முணுமுணுப்பு எனக்குச் சிரிப்பூட்டவில்லை.

ஜாதகம் கணிக்கப் பிறந்த நேரம் வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை லக்கினம் மாறும் என்பது அவர்கள் சாத்திரமே சொல்வது. குழந்தை என்றால் மருத்துவச்சி நேரம் சொல்வாள். கட்சிக்கு யார் சொல்வது? தலைவர்கள் அறையிலே அமர்ந்து முடிவெடுத்த நேரமா? மைதானத்திலே அறிவித்த நேரமா? தேர்தல் ஆணையம் பதிவேட்டில் முத்திரை குத்திய நேரமா? நாடகம் எழுதுபவன் அல்லவா, காட்சியாகவே பார்த்துவிடுகிறேன்.

"கட்சி எப்போது பிறந்தது?"

"தீர்மானம் காலை பத்தரைக்குங்க ஐயா. அறிவிப்பு மாலை ஆறுக்கு."

"பத்தரை என்றால் படுதோல்வி தெரிகிறதே!"

"ஆறு மணி என்றால்?"

"ஆட்சி!"

"அப்படியானால் ஆறு மணிக்கே பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், சாமி!"

பிள்ளைக்கு ஏற்ற ஜாதகம் என்பது போய், ஜாதகத்துக்கு ஏற்ற பிள்ளை! கட்சிகளுக்கு மட்டுமே வாய்த்த பேறு இது.

காங்கிரசை எடுத்துக்கொள். 1885-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், பூனாவிலே கூடுவதாகத்தான் ஏற்பாடு. அங்கே காலரா பரவிற்று. பம்பாய்க்கு இடம் மாற்றினார்கள். கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியிலே டிசம்பர் 28-இல் 72 பேராளர்கள் கூடினார்கள். ஆக, அந்தக் கட்சியின் ஜாதகத்தைக் குறித்தது வியாழனுமல்ல, வெள்ளியுமல்ல, காலரா! அதுவும் நிலைத்ததா? 1969-இலே பிளவு, 1978-இலே மறுபடியும் பிளவு. எந்தத் துண்டுக்கு எந்தக் கட்டம்? 1984-இல் மக்களவையில் நானூறுக்கு மேல் இடம் பெற்ற கட்சி, 2014-இல் 44 இடத்தோடு நின்றது. 1980 ஏப்ரல் 6-இல் தோன்றிய பாரதிய ஜனதாவுக்கு 1984-இல் கிடைத்தது இரண்டே இடம். 2014-இல் 282, 2019-இல் 303, 2024-இல் 240. பிறந்த நாள் மாறவில்லையே! "தசை மாறிற்று" என்பார் சோதிடர். மாறியதை அவர் கண்டுபிடிப்பது எப்போது? எண்ணிக்கை முடிந்த மறுநாள்!

நாட்டுக்கே ஜாதகம் வைத்திருக்கிறார்கள். 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு, டில்லி. ரிஷப லக்கினம், கடக ராசி, பூச நட்சத்திரம். இருக்கட்டும். அதே நாளில், பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய அதே சட்டத்தின் வயிற்றிலே பிறந்த இரட்டைப் பிள்ளை ஒன்று உண்டல்லவா? பாகிஸ்தான்! மேலே இருந்தது ஒரே வானம். ஒரு பிள்ளை 1950-இல் அரசியல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 1951-52-இல் வயதுவந்தோர் அனைவரையும் வாக்குச்சாவடிக்கு அழைத்தது. மற்றப் பிள்ளை 1956-இல் சட்டம் கண்டு, 1958-இல் அதைப் படைத்தலைவரிடம் பறிகொடுத்து, நாடு தழுவிய நேரடித் தேர்தலை 1970-இல்தான் பார்த்தது. வேற்றுமைக்குக் காரணம் தேடு: நிலவுடைமை என்பாய், படையின் வலிவு என்பாய், கட்சி அமைப்பு என்பாய். வரலாறு கற்றவர் வாதிடட்டும். பூச நட்சத்திரம் மட்டும் அந்த வாதத்திலே சாட்சி சொல்ல வராது.

ஓர் ஆட்சிக்கே ஜாதகம் எழுதி, அதை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் கதையைக் கேள். 1945 ஏப்ரல், பெர்லின். கிழக்கே சோவியத் படை, மேற்கே நேச நாட்டுப் படை, நடுவிலே நிலவறையில் இட்லர். பிரசார அமைச்சர் கோயபல்சு இரண்டு ஜாதகங்களை வரவழைத்தார். ஒன்று இட்லர் பதவியேற்ற 1933 ஜனவரி 30-க்குரியது. மற்றொன்று ஜெர்மன் குடியரசு பிறந்த 1918 நவம்பர் 9-க்குரியது. நிதியமைச்சராக இருந்த குரோசிக் தம் நாட்குறிப்பிலே இதை எழுதிவைத்திருக்கிறார். போர் மூளும், வெற்றி குவியும், பிறகு சரிவு வரும், ஏப்ரல் முற்பாதி கொடியது, பிற்பாதியிலே வெற்றி, ஆகஸ்டில் சமாதானம்: இப்படிச் சொல்லிற்றாம் கட்டம். நடந்து முடிந்ததை எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தது, பார்த்தாயா! ஏப்ரல் 12-இல் ரூசுவெல்ட் மறைந்தார். கோயபல்சு துள்ளிக் குதித்துத் தலைவருக்குத் தொலைபேசியிலே வாழ்த்துச் சொன்னார். வந்தது கிரகம் வாக்களித்த பிற்பாதி! 16-ஆம் நாள் பெர்லினை நோக்கிச் சோவியத் பீரங்கி முழங்கிற்று. 30-ஆம் நாள் இட்லர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். மறுநாள் கோயபல்சும் அதே வழி. நாலாண்டுக்கு முன், 1941-இல், இட்லரின் துணைவன் எசு விமானமேறி ஸ்காட்லாந்துக்குப் பறந்தபோது, சோதிடர்களைப் பிடித்துச் சிறையிலே தள்ளியதும் இதே ஆட்சிதான். கைதாகப் போவது அவர்கள் கட்டத்திலே தெரிந்ததோ என்னவோ!

பெர்லின் தொலைவு, கொழும்பு அண்டை. இலங்கையில் மகிந்த ராசபக்சே 2010-இல் இரண்டாம் முறை வென்றார். இரு முறைக்கு மேல் ஒருவர் அதிபராகக் கூடாது என்ற தடையையும் அதே ஆண்டு அகற்றிக்கொண்டார். பதவிக்காலம் இன்னும் ஏறக்குறைய ஈராண்டு இருந்தது. சோதிடர் நாள் குறித்தார். 2014 நவம்பர் 20-இல் முன்கூட்டியே தேர்தல் என்ற அறிவிப்பு வந்தது. அரசு அவர் கையில், ஏடுகள் அவர் பக்கம், கிரகங்களும் அவர் கட்சி! மறுநாளே அவருடைய கட்சியின் பொதுச்செயலாளரும் அமைச்சருமான மைத்திரிபால சிறிசேனா எதிரணி வேட்பாளராக வெளியேறி வந்து நின்றார். முந்திய இரவு அதிபரோடு உட்கார்ந்து ஆப்பம் தின்றவர் என்று ஊரெல்லாம் பேசிற்று. எட்டாம் இடத்துச் சனியைக் கண்டுபிடித்த கண்ணுக்கு எதிரிலே உட்கார்ந்து ஆப்பம் தின்றவரின் மனம் தெரியவில்லை! 2015 ஜனவரி 8-இல் வாக்குப்பதிவு. சிறிசேனாவுக்கு நூற்றுக்கு 51.28, ராசபக்சேவுக்கு 47.58. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு 74 வாக்கும் மட்டக்களப்பில் 81 வாக்கும் எதிரணிக்கு. 2009-இலே பிணக்குவியலைப் பார்த்த மக்கள் அவர்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்கள் முகத்தைப் பார்த்திருந்தால் நாள் குறித்திருக்கவே மாட்டார். வந்தவர் என்ன செய்தார் என்பது வேறு கதை. அதற்கு வேறொரு ஞாயிறு வேண்டும்.

அறிவியலார் சும்மா இருந்துவிடவில்லை. வானியல் அறிஞர் நார்லிகர், மகாராட்டிரத்திலே 27 சோதிடர்களிடம் ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, படிப்பிலே சுடர்விட்ட பிள்ளை எது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை எது என்று பிரிக்கச் சொன்னார். சரியாக வந்தது சராசரி நூற்றுக்கு 46. காசைச் சுண்டிவிட்டால் 50 கிடைக்கும்! இந்த வித்தையைத்தான் 2001-இல் பல்கலைக்கழகப் பாடமாக்க மானியக்குழு முன்வந்தது. 2004-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். விட்டுவந்தவற்றில் இந்தப் பாடம் இல்லை என்பதிலே ஓர் ஆறுதல்.

"யாருக்கு என்ன கேடு?" என்று கேட்போர் நம்மவரிலும் உண்டு. வேட்புமனுத் தாக்கலன்று போய்ப் பார். சட்டம் கொடுத்த நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. புதன் என்றால் 12 முதல் ஒன்றரை வரை ராகு காலம். அலுவலகம் வெறிச்சோடிக் கிடக்கும். ஒன்றரை அடித்ததும் பகுத்தறிவு பேசுபவர், பக்தி பேசுபவர், பொதுவுடைமை பேசுபவர் அத்தனை பேரும் ஒரே வாசலில் நெரிகிறார்கள்! பத்துப் பேர் நல்ல நேரத்திலே மனுக் கொடுக்கிறார்கள். ஒன்பது பேர் தோற்கிறார்கள். ஆறில் ஒரு பங்கு வாக்கும் கிட்டாதவர் டெபாசிட்டையும் இழக்கிறார். ராகு காலத்திலே பதிவான வாக்கைச் செல்லாத வாக்கென்று எந்த அதிகாரியாவது ஒதுக்கியதுண்டா? 2017-இல் தேர்தல் ஆணையம், வாக்குக்கணிப்புக்குத் தடையுள்ள காலத்தில் சோதிடர் கணிப்பும் கூடாதென்று அறிவுறுத்திற்று. கணிப்பு வாக்காளன் மனத்திலே கைவைக்கும் என்பதை ஆணையம் உணர்ந்திருக்கிறது, நாம் உணரவில்லை.

கேடு அதனினும் ஆழமானது, தோழா. ஜாதி, ஜாதகம் — இரு சொல்லுக்கும் வேர் ஒன்றே: பிறப்பு. பிறந்த குலம் உன் இடத்தைத் தீர்த்துவிட்டது என்றது ஒன்று. பிறந்த நேரம் உன் முடிவைத் தீர்த்துவிட்டது என்றது மற்றொன்று. வெள்ளையன் காலத்திலே வாக்கு சொத்தும் படிப்பும் உடையோர்க்கே. முதற் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் பட்டியலில் ஏறினர். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர். பண்ணையாரின் வாக்கும் ஒன்று, அவர் வயலிலே நாற்று நட்டவளின் வாக்கும் ஒன்று! பிறப்பு தோற்ற இடம் அந்தப் பெட்டி. அங்கேயே பிறப்பைக் குடியேற்றக் கட்டம் போடுகிறவனுக்கு நம் கிளையிலே நாற்காலி போடலாமா?

முணுமுணுத்த அந்தத் தோழரிடம் பட்டியலை நீட்டினேன். அவருடைய தெருவிலே புதிய வாக்காளர் எத்தனை பேர், இறந்தவர் பெயர் எத்தனை நீங்கவில்லை, வாடகை வீடு மாறியவர் எங்கே போனார் என்று கேட்டேன். பதில் இல்லை. இன்று ஞாயிறு, நீயும் உன் தெருவுக்குப் போ. படிவம் 6-ஐ எடுத்துச் செல். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள் உண்டு. அந்தந்த மாதத்தின் முதல் தேதியில் பதினெட்டு நிரம்பியவர் யார் யார் என்று வீடு வீடாகக் கேள். பிறந்த தேதியையும் தவறாமல் கேள், நேரம் வேண்டாம்.