எலி ஏறிய கல்லும் கரையான் அரிக்கும் ஏடும்

இந்து மதத்தைச் சீர்திருத்தினால் போதும் என்று சொல்லும் நண்பர்கள் சிலர் நம்மைப் பார்த்து, “நீங்கள் மதத்தையே ஏன் தாக்கவேண்டும்? விக்கிரகம் வேண்டாம், புராணம் வேண்டாம், பிறவி ஜாதி வேண்டாம் என்று மதத்துக்குள்ளிருந்தே ஆரிய சமாஜம் சொல்லவில்லையா? அந்த வழியில் போகக் கூடாதா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த வழியில் போனவர்கள் எதுவரை போனார்கள், எங்கே நின்றுவிட்டார்கள் என்று பார்த்தால் பதில் தானே கிடைத்துவிடும்.

ஆரிய சமாஜத்தை 1875-ல் பம்பாயில் ஏற்படுத்தியவர் தயானந்த சரஸ்வதி. 1824-ல் குஜராத்தில் டங்காரா என்னும் ஊரில் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சிறு பிள்ளையாயிருந்தபோது ஒரு சிவராத்திரியில் பெரியவர்களெல்லாம் தூங்கிப்போக, இவர் மட்டும் விழித்திருந்தாராம். எலி ஒன்று லிங்கத்தின்மேல் ஏறி நிவேதனத்தைத் தின்றதாம். தன்மேல் ஏறும் எலியை விரட்டச் சக்தியற்றது உலகத்தை எப்படிக் காக்கும் என்று பிள்ளைக்குத் தோன்றிற்றாம். இது அவரே பிற்காலத்தில் சொன்ன சங்கதி.

இது முழுக்க முழுக்கப் பகுத்தறிவுக் கேள்வி. அதன் பலனையும் நாம் மறைக்கப் போவதில்லை. 1869-ல் காசிக்கே போய், அங்கிருந்த பண்டிதர்களோடு விக்கிரக ஆராதனை கூடாதென்று வாதாடினார். சிராத்தத்தையும், தீர்த்த யாத்திரையையும், பால்ய விவாகத்தையும் கண்டித்தார். பெண்களும் சூத்திரர்களும் வேதம் படிக்கலாமென்றார். 1883-ல் அவர் இறந்த பிறகு அவர் சீடர்கள் 1886-ல் லாகூரில் அவர் பெயரால் பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஜலந்தரில் பெண்களுக்குக் கல்விச்சாலை நடத்தினார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே.

ஆனால், கல்லைக் கேள்வி கேட்டவர் ஏட்டைக் கேட்கவில்லை. கல்லின்மேல் எலி ஏறுகிறதென்றால் ஏட்டைக் கரையான் அரிக்கவில்லையா? எலியை விரட்டாத கல் கடவுளல்லவென்றால், கரையானை விரட்டாத ஏடு மட்டும் கடவுள் வாக்காவது எப்படி? 1877-ல் லாகூரில் வகுத்த பத்து விதிகளில் மூன்றாவது விதி, வேதமே மெய்யறிவுக்கெல்லாம் நூல், அதைப் படிப்பதும் படிப்பிப்பதும் தலையாய கடமை என்கிறது. நான்காவது விதியோ, உண்மையை ஏற்கவும் பொய்யைத் தள்ளவும் எப்போதும் தயாராயிருக்கவேண்டும் என்கிறது. தோழர்களே! வேதத்திலேயே ஒரு பொய் அகப்பட்டால் என்ன செய்வது? மூன்றின்படி நடந்தால் நான்கு போச்சு. நான்கின்படி நடந்தால் மூன்று போச்சு!

ஏட்டைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டைப் பாருங்கள். வெள்ளைக்காரன் 1850-களில் இந்நாட்டில் தந்திக் கம்பி நட்டான். 1870-களில் தயானந்தர் எழுதிய வேத பாஷ்ய முன்னுரையில், தந்தி வித்தை வேதத்திலேயே இருக்கிறதென்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வருஷம் அத்தியயனம் செய்த எந்தச் சாஸ்திரியின் கண்ணிலும், கம்பி நடும்வரை அது படவில்லை!

ஜாதி சங்கதியும் இப்படியேதான். பிறப்பால் ஜாதியில்லை, குணத்தாலும் கர்மத்தாலும்தான் வருணம் என்றார். சரி, குணந்தான் கணக்கென்றால் பிராமணன், க்ஷத்திரியன், வைசியன், சூத்திரன் என்ற அந்த நான்கு பழைய பட்டங்கள் எதற்கு? பெண்ணைப் பதினாறாம் வயதிலும், ஆணை இருபத்தைந்தாம் வயதிலும் பரீட்சித்து வருணம் தீர்மானிக்க வேண்டுமென்றும், ஒரே பிள்ளை வேறு வருணத்துக்குப் போய்விட்டால் பெற்றோருக்கு அவர்கள் வருணத்துக்கேற்ற வேறு பிள்ளையைச் சபையார் கொடுப்பார்களென்றும் தமது ‘சத்தியார்த்தப் பிரகாச’த்தில் எழுதினார். நாம் கேட்கிறோம்: இந்தப் பரீட்சை எந்த ஊரில் நடந்தது? எந்தச் சாஸ்திரி தம் பிள்ளை சூத்திரனென்று தீர்ப்பானதும் வண்ணான் வீட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு தம் பிள்ளையைக் கொடுத்தார்?

விதவைகளுக்குச் செய்ததென்ன? மேல் மூன்று வருணத்தாரில் புருஷனோடு வாழ்ந்து விதவையானவளுக்கு மறுமணம் கூடாது, பிள்ளை வேண்டுமானால் வேறொருவனிடம் நியோக முறையில் பெற்றுக்கொள்ளலாம் என்று விதித்தார். ஆணுக்கும் அதே விதி என்றாலும், இதை எந்த மானமுள்ள பெண் ஒப்புவாள்? அவருடைய சீடர்களே இதைக் கைவிட்டு விதவை மணம் நடத்தினார்கள். நடத்தியவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் ஏட்டைப் பிடித்துக்கொண்டா முன்னேறினார்கள்? விட்டதனாலல்லவா முன்னேறினார்கள்!

பிறகு ‘சுத்தி’ என்று ஒரு சடங்கு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபில் சியால்கோட்டுப் பக்கத்து மேக் வகுப்பாருக்கு இது நடத்தப்பட்டது. அவர்கள் நெசவாளிகள், தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்டவர்கள். சுத்தி என்றால் அழுக்கு நீக்குவது. அழுக்கு யாரிடம்? துணி நெய்து கொடுத்தவனிடமா, அந்தத் துணியை உடுத்திக்கொண்டு நெய்தவனைத் தொட்டால் தீட்டு என்றவனிடமா? சுத்தி செய்வதானால் தொட மறுத்தவனுக்கல்லவா செய்யவேண்டும்?

கடைசிப் பரீட்சை லாகூரிலேயே நடந்தது. ஜாதியை ஒழிப்பதற்கென்றே 1922-ல் அங்கே ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற சங்கம் ஏற்பட்டிருந்தது. அதில் முக்கியஸ்தர்கள் ஆரிய சமாஜிகள். 1936-ல் தங்கள் மகாநாட்டுக்குத் தலைமை வகிக்க டாக்டர் அம்பேத்கரை அழைத்தார்கள். அவர் பிரசங்கத்தை முன்னதாகவே அச்சிட்டார். படித்துப் பார்த்தவர்கள் நடுங்கிப்போனார்கள். ஜாதியைத் தாக்கியது அவர்களுக்குக் கசக்கவில்லை; வேத சாஸ்திரங்களின் அதிகாரத்தைத் தாக்கியதுதான் கசந்தது. சில பாகங்களை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேனென்றார் அவர். மகாநாடே நின்றுபோயிற்று! நடத்த முடியாத பிரசங்கத்தை அவர் தம் செலவில் 1,500 பிரதிகளாக வெளியிட்டார், இரண்டே மாதத்தில் விற்றுத் தீர்ந்தது, தமிழிலும் வந்தது.

கவனியுங்கள்! இவர்கள் சனாதனிகளல்லர், காசிப் பண்டிதர்களல்லர், ஜாதியை உடைக்கச் சங்கம் வைத்தவர்கள். ஜாதியா, ஏடா என்று வந்தபோது, ஜாதி ஒழிப்பு மகாநாட்டை விட்டார்களே தவிர ஏட்டை விடவில்லை.

அடுத்த ஆண்டு, 1937-ல், ஆரிய சமாஜிகளுக்குள் ஜாதி மாறிச் செய்யும் கலியாணம் செல்லும் என்று சட்டம் செய்யப்பட்டது. வேதம் தராத பந்தோபஸ்தைச் சட்டசபை தந்தது.

ஆகவே, நண்பர்களுக்கு நமது பதில் இதுதான். ஜாதிக்கு அதிகாரம் கொடுக்கும் புத்தகத்தைப் பரிசுத்தமென்று வைத்துக்கொண்டு ஜாதியை மட்டும் ஒழிப்பேனென்பது, கள்ளுக்கடையைக் காவல் காத்துக்கொண்டு மதுவிலக்குப் பேசுவதற்கு ஒப்பாகும். தயானந்தர் ஒரு கேள்வி கேட்டார். அதற்காக மரியாதை செய்கிறோம். அவர் கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வியை நீங்கள் கேளுங்கள். உங்கள் வீட்டில் அடுத்த கலியாணப் பேச்சு வரும்போது, “அவர்கள் என்ன ஜாதி?” என்று யாராவது வாயெடுத்தால், “எந்த ஏட்டைப் பார்த்துக் கேட்கிறீர்கள்?” என்று அங்கேயே கேளுங்கள்.