இலவசம் என்று வீட்டுக்குள் வந்த பெட்டி



கொஞ்சம் நீண்ட பதிவு. ரீவி பொக்ஸ் வாங்க நினைத்திருப்பவர்களும் ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள். குறிப்பாக, கணவர் வெளிநாட்டில் இருக்க, ரீவியையும் ரவுட்டரையும் தனியாகச் சமாளிக்கும் சகோதரிகளை நினைத்தே எழுதுகிறேன்.

போன நோன்பு இருபத்தேழாம் இரவு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருக்கும் ஒரு ராத்தாவின் வீடு. கணவர் கட்டாரில். மாமியார் வயதானவர், மக்காவில் நடக்கும் தராவீஹைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அங்கே தொழுகை தொடங்கும்போது இங்கே நள்ளிரவை நெருங்கிவிடும். பிள்ளைகளும் தூங்காமல் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்தா பொக்ஸைப் போட்டிருக்கிறார். ஹரம் ஷரீப் வரவில்லை. முழுத் திரையில் ஒரு விளம்பரம் வந்தது. என்ன விளம்பரம் என்று நான் எழுத வேண்டியதில்லை. ரிமோட்டில் எதை அழுத்தியும் போகவில்லை. கடைசியில் வயரையே பிடுங்கியிருக்கிறார்.

"மாமி ஒரு வார்த்தையும் பேசல்ல டீச்சர். தஸ்பீஹ எடுத்துக்கொண்டு உள்ள போயிட்டாங்க" என்று மறுநாள் காலை வந்து சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அந்த பொக்ஸ் ரவுணில் ஒரு கடையில் பதினையாயிரம் ரூபாவுக்கு வாங்கியது. "ஒருக்கா வாங்கினாப் போதும், உலகத்தில உள்ள எல்லாச் சனலும் வாழ்நாள் பூரா இலவசம்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பொருத்தித் தந்த பையன், பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்பை நிறுத்திவிட்டுத்தான் செயலிகளைப் போட்டிருக்கிறான். "அத நிப்பாட்டாட்டி வேலை செய்யாது ராத்தா" என்று சொன்னானாம். பூட்டைக் கழற்றினால்தான் கதவு பூட்ட முடியும் என்று ஒருவன் சொன்னால் நம்புவோமா? ரீவி விசயத்தில் மட்டும் நம்பிவிடுகிறோம்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வெளியே வந்தது. சில மாதங்களாக அந்த வீட்டில் டேட்டா இருபதாம் திகதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள். மாதக் கடைசியில் ஸூம் வகுப்பு இல்லை. "போன நோண்டிக்கொண்டே இருக்கா" என்று பிள்ளைக்குத்தான் ஏச்சு. இணையக் கணக்கின் செயலியைத் திறந்து நாள்வாரியாகப் பார்த்தோம். எல்லோரும் உம்மா வீட்டுக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்த மூன்று நாட்களிலும் டேட்டா ஓடியிருக்கிறது. அந்த நாட்களில் வீட்டில் கரண்டில் இருந்தவை ரவுட்டர், குளிர்சாதனப் பெட்டி, இந்த பொக்ஸ். பொக்ஸைக் கழற்றி அலுமாரியில் வைத்தோம். அடுத்த மாதம் டேட்டா மாத முடிவு வரை நின்றது. ஏச்சு வாங்கிய பிள்ளையிடம் ராத்தா மன்னிப்புக் கேட்டார்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. 2023 ஜனவரியில் கனடாவில் ஒருவர், தான் வாங்கிய டீ95 என்ற மலிவு பொக்ஸை ஆராய்ந்து, பெட்டி திறக்கும் முன்பே அதற்குள் தீய மென்பொருள் இருந்ததை வெளியிட்டார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, 'பேட்பொக்ஸ் 2.0' என்ற வலையமைப்பைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதமே கூகுள் நிறுவனம் நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் அந்த வலையில் சிக்கியிருப்பதாகக் கூகுள் சொன்னது.

இதன் வேலை என்ன தெரியுமா? நம் வீட்டு இணைய இணைப்பை யாரோ ஒருவனுக்கு வழியாகத் திறந்துவிடுவது. அவன் எங்கோ இருந்து செய்யும் மோசடி, நம் வீட்டு முகவரியிலிருந்து போனதாகப் பதிவாகும். அதே வைஃபையில்தான் நம் வங்கிச் செயலியும் பிள்ளைகளின் போனும் இருக்கின்றன. கணவர் வெயிலில் நின்று அனுப்பும் காசில் கட்டும் இணைய பில், யாருடைய களவுக்கோ வாடகையாகப் போகிறது.

எல்லா மலிவு பொக்ஸும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எஃப்பிஐ சொன்ன அடையாளங்களைப் பாருங்கள்: கேள்விப்படாத பெயர், "எல்லாம் இலவசம்" என்ற விளம்பரம், பிளே புரொடெக்டை நிறுத்தச் சொல்வது, கூகுளின் கடையை விட்டு வேறு கடையில் செயலி இறக்கச் சொல்வது, காரணம் தெரியாத இணைய ஓட்டம். ராத்தாவின் பொக்ஸில் ஐந்தும் இருந்தன.

"டீச்சர், எங்களால மாசா மாசம் காசு கட்டிப் பார்க்க ஏலாது" என்பார்கள். உண்மைதான். ஆனால் காசு கட்ட முடியாவிட்டால் களவுதான் வழி என்று ஆகாது. இன்னொருவர் உழைத்து எடுத்ததை அனுமதியில்லாமல் காட்டுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரண். சட்டத்தை விடுங்கள், பிறர் ஹக் என்று ஒன்று இருக்கிறதே. அந்த ஹக்கை எடுத்து, அதில் நோன்பிரவில் ஹரத்தைப் பார்க்க நினைக்கிறோம். மக்காவின் நேரலை யூடியூப்பிலேயே இலவசமாக இருக்கிறது. பயான்களும் பாடங்களும் அங்கேயே இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்களும் உண்டு. நமக்குத் தேவையானதில் பெரும்பகுதிக்கு இந்தக் களவுப் பெட்டி தேவையே இல்லை.

சரி, எதை வாங்குவது?

முதலில், வாங்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். உங்கள் ரீவி ஸ்மார்ட் ரீவியாக இருந்து யூடியூப் ஒழுங்காக ஓடினால் பொக்ஸ் வீண் செலவு. வீட்டில் பழைய லெப்டொப் இருந்தால் ஒரு எச்டிஎம்ஐ வயர் போதும். வகுப்பறையில் நாங்கள் அப்படித்தான் காட்டுகிறோம்.

வாங்குவதென்றால், பெயர் தெரிந்த நிறுவனத்தின் அண்ட்ரொய்ட் ரீவி அல்லது கூகுள் ரீவி ஸ்டிக் அல்லது பொக்ஸாகப் பாருங்கள். "அண்ட்ரொய்ட்" என்று பெட்டியில் எழுதியிருப்பது மட்டும் போதாது. அண்ட்ரொய்டின் அடிப்படை மென்பொருளை யாரும் எடுத்து எந்தப் பெட்டிக்குள்ளும் போடலாம். கூகுள் சோதித்து அனுமதித்தது வேறு. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் கூகுளின் அண்ட்ரொய்ட் ரீவி இணையத்தளத்தில் இருக்கிறது. கடையில் நின்றபடியே போனில் பார்க்கலாம். போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகப்பு ரீவிக்கு உரியதாக இல்லாமல் போன், டெப் போல இருந்தால் சந்தேகப்படுங்கள். அனுமதியில்லாத கருவியில் நெட்பிளிக்ஸ் போன்றவை வந்தாலும் தெளிவு குறைந்த படம்தான் வரும். அட்டையில் "4கே, 8கே" என்று எத்தனை எழுதினாலும் அதுதான்.

ரெம் 2 ஜீபி இருந்தால் நல்லது. 1 ஜீபியில் கொஞ்ச நாளில் இழுக்கத் தொடங்கும். பழைய, தடித்த ரீவி என்றால் பின்னால் எச்டிஎம்ஐ இருக்காது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள்தான் இருக்கும். அதற்கு எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் கருவி தனியாக வேண்டும். வாங்கும்போதே கேளுங்கள். பில்லும் உத்தரவாதமும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது, வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது. யாரோ ஒரு ஆளை வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன் இந்த ஒழுங்கில் பாருங்கள். பத்து நிமிட வேலை.

1. கரண்ட். ஸ்டிக்கை ரீவியின் யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கிறீர்களா? பல ரீவிகளில் அது அரை அம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒரு அம்பியராவது வேண்டும். தானாக அணைந்து அணைந்து வருவதற்கு இது முக்கிய காரணம். உடன் வந்த அடப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

2. வயர். "நோ சிக்னல்" என்று வந்தால் ரிமோட்டில் சரியான எச்டிஎம்ஐ இலக்கத்தைத் தெரிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ரீவியை அணைத்து, வயரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். நம்முடையது கடற்கரை ஊர். உப்புக்காற்றில் முனைகள் கறுத்துப்போகும். வேறு ஓட்டையில் போட்டுப் பாருங்கள்.

3. வேகம். படம் சுற்றிக்கொண்டே இருந்தால் பொக்ஸைத் திட்டுவதற்கு முன் ரீவிக்குப் பக்கத்தில் நின்று போனில் வேகத்தை அளந்து பாருங்கள். நெட்பிளிக்ஸின் கணக்கில் முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும். போனிலும் குறைவென்றால் குறை பொக்ஸில் இல்லை.

4. ரவுட்டர் இருக்கும் இடம். அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். ரவுட்டரில் இரண்டு பெயரில் வைஃபை வந்தால், ஒரே அறைக்கு 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது. சுவர்களைத் தாண்டிப் போக 2.4 நல்லது.

5. ஓய்வு. அடப்டரைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். தொட்டால் சுடுகிறதா? ரீவியின் முதுகோடு ஒட்டி வைக்காமல் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். பாவிக்காத செயலிகளை அழியுங்கள்.

6. திகதியும் நேரமும். செட்டிங்ஸில் திகதி பிழையாக இருந்தால் இணையம் இருந்தும் செயலிகள் திறக்காது. கரண்ட் போய் வந்த பிறகு இப்படி நடக்கலாம்.

7. எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் ரீசெட், கடைசி வேலை. 2025 மார்ச்சில் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகம் முழுதும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. காரணம், உள்ளே இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுள் சொன்னது. பொறுத்திருந்தவர்களுக்குச் சில நாட்களில் தானாகச் சரியானது. அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்கள்தான் மறுபடி பொருத்த முடியாமல் கூடுதலாகத் தவித்தார்கள்.

டேட்டா பற்றியும் ஒரு கணக்கு. நெட்பிளிக்ஸ் சொல்லும்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜீபி, எச்டியில் 3 ஜீபி, 4கேயில் 7 ஜீபி வரை போகும். நாளுக்கு மூன்று மணித்தியாலம், 30 நாள் எச்டியில் பார்த்தால் 270 ஜீபி. அதே நேரம் சாதாரணத் தரத்தில் 90 ஜீபி. சின்னத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. செயலிக்குள்ளேயே தரத்தைக் குறைத்து வையுங்கள், மிச்சம் பிள்ளையின் வகுப்புக்கு.

பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கு வைத்துத் தாருங்கள். யூடியூப் கிட்ஸ் இருக்கிறது. பெரியவர்களின் கணக்குக்குப் பின் இலக்கம் போடுங்கள். ஆனால் அது நாம் பக்கத்தில் இருப்பதற்கு ஈடாகாது.

சந்தேகமான பொக்ஸ் வீட்டில் இருந்தால் இன்றே கழற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்தப் பெட்டியில் போட்ட கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். முக்கியமானது: அதை "சும்மா கிடக்குதே" என்று தங்கச்சி வீட்டுக்கோ மதரஸாவுக்கோ கொடுத்துவிடாதீர்கள். நம் வீட்டுக்கு ஆகாதது அவர்கள் வீட்டுக்கும் ஆகாது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலருக்கு இந்த விசயம் தெரியாமல் இருந்திருக்கலாம். இப்போது தெரியும். பொருளின் குறையைத் தெரிந்துகொண்டே மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஆகாது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டில் கணவர் இருக்கும் ஒரு பெண் உங்கள் கடைக்கு வந்து "எது நல்லது?" என்று கேட்கிறாள் என்றால், அவள் உங்கள் பேச்சை நம்பித்தான் அந்தப் பெட்டியைப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகிறாள். அது அமானிதம்.

இருபத்தொன்பதாம் இரவு என் பழைய லெப்டொப்பையும் ஒரு வயரையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். யூடியூப்பில் ஹரம் தெரிந்தது. மாமியைக் கூப்பிட்டோம். முதலில் வரமாட்டேன் என்றார். பேத்தி போய் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கதவடியில் நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகுதான் வந்து பாயில் உட்கார்ந்தார்.

பயன் இருக்கும் என்று நினைத்தால் மற்றவர்களுக்கும் எத்திவையுங்கள். பொக்ஸ் வாங்கும் முன் கேட்க வேண்டியிருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.