வெந்தது கார்டு, வசவு பேரனுக்கு

காரைக்கால் நாட்களைப் பற்றிய தொடரை இந்த வாரம் நிறுத்தி வைக்கிறேன். வேறொரு விஷயத்தில் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

விஷயம் என் பேரனின் கம்ப்யூட்டர். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறான். அவன் சேர்த்து வைத்த பணமும் என் பென்ஷனிலிருந்து நான் கொடுத்ததுமாகப் போட்டுப் போன வருஷம் வாங்கியது. உள்ளே என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 என்று ஒரு கிராபிக்ஸ் கார்டு. அவன் ஆடுவது ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தயம். மெக்சிகோ நாட்டுப் பாலைவனம், காடு, கடற்கரை எல்லாம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வருகிறது. நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்ப்பதுண்டு. இப்போது வரும் சினிமாவுக்கு இது எவ்வளவோ தேவலை.

மே மாதம் பிறந்ததும் அந்தப் பெட்டி கத்த ஆரம்பித்தது. மாவு மில் போலச் சத்தம். படம் விக்கி விக்கி ஓடியது. ஆபீஸ் விட்டு வந்த என் மகன் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தான்.

"பகல் பூரா ஆடியிருக்க, இல்ல?"

"இல்லப்பா, அரை மணி நேரம்தான்."

"பொய் சொல்லாத. அரை மணி நேரத்துல இப்படிக் கொதிக்குமா?"

பையன் அப்புறம் வாயே திறக்கவில்லை. மகன் பவர் கேபிளைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். மறுநாள் காலை கடற்கரைச் சாலை நடைப்பயிற்சியில் நான் இதைச் சொன்னபோது, எங்கள் கோஷ்டியில் நாலு பேரும் மகன் பக்கம்தான். கருவூலத்தில் ஓய்வு பெற்ற நண்பர், "மாட்டை நிறுத்தாம ஓட்டினா நுரை தள்ளாதா சார்?" என்றார். உண்மையைச் சொன்னால் அன்று எனக்கும் பேரன் மேல் சந்தேகம் இருந்தது.

ஆனால் முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதியவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. புகார் வந்தால், எதிர்த் தரப்பைக் கேட்காமல் குறிப்பு எழுத மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மகனிடம் கேபிளை வாங்கி மாட்டச் சொன்னேன். பேரன் திரையின் மூலையில் கார்டின் சூட்டைக் காட்டும் எண்ணை வரவழைத்தான். அறையில் தெர்மாமீட்டர் 34 டிகிரி காட்டியது. கையில் கடிகாரத்தோடு நான் உட்கார்ந்தேன். ஆட ஆரம்பித்த பன்னிரண்டாவது நிமிஷம் கார்டு 87 டிகிரி. இருபதாவது நிமிஷமும் 87. அரை மணி ஆனபோதும் 87.

மாடு உவமை தவறு என்று அங்கேயே தெரிந்துவிட்டது. மாட்டுக்குக் களைப்பு சேர்ந்துகொண்டே போகும். கார்டுக்கு அப்படி இல்லை. உள்ளே உண்டாகும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகும் வரை ஏறும், அப்புறம் அங்கேயே நிற்கும். பத்து நிமிஷத்தில் எட்டும் சூடுதான் பத்து மணி நேரத்துக்கும். ஆகவே பெட்டியைத் தொட்டுப் பார்த்துப் பிள்ளை எத்தனை மணி நேரம் ஆடினான் என்று தீர்ப்பு எழுத முடியாது. பையன் சொன்ன அரை மணி நேரம் நிஜம்.

சூட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டும் அல்லவா? கடைக்குப் போனோம். ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். கடைக்காரத் தம்பி பெட்டியைத் திறக்கவே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இந்த கார்டு தாங்காது சார். 3070 போட்டுக்குங்க, எக்ஸ்சேஞ்ச் தர்றேன்" என்றார். வீட்டுக்கு வந்து பேரன் காட்டினான்: 3060 இழுப்பது 170 வாட், 3070 இழுப்பது 220 வாட் என்று அந்த நிறுவனமே போட்டிருக்கிறது. கார்டு இழுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அதாவது சூடு அதிகம் என்று போனவனுக்கு இன்னும் 50 வாட் சூடு சேர்த்து விற்கப் பார்த்திருக்கிறார். காய்ச்சல் என்று வந்தவனுக்குக் கம்பளி விற்பது மாதிரி.

அடுத்த யோசனை மகனுடையது. அறைக்கு ஏசி வைத்துவிடலாம் என்றான். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் 1,500 வாட் அளவுக்கு இழுக்கும். 170 வாட் சூட்டை விரட்ட 1,500 வாட். அறைச் சூடு ஒரு டிகிரி குறைந்தால் கார்டின் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரிதான் குறையும். ஏசியில் உட்கார்ந்து ஆடுவது மனிதனுக்குச் சுகம், அதை நான் மறுக்கவில்லை. கார்டுக்காக ஏசி வாங்குகிறேன் என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 80 என்ற எண்ணைப் பார்த்ததும் நம் வயதுக்காரர்கள் பதறிவிடுகிறோம். நமக்கு 100 பாரன்ஹீட் வந்தாலே படுக்கை, அதனால் எல்லாவற்றையும் நம் உடம்பை வைத்தே அளக்கிறோம். 3060 கார்டின் உச்ச வரம்பு 93 செல்சியஸ் என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் 70, 75 என்று ஓடினால் கவலையே வேண்டாம். 80ஐத் தாண்டிப் போனால்தான் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, படம் விக்குகிறது, விசிறி அலறுகிறது. அது எரிந்துபோகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சரி, எங்கள் வீட்டுப் பெட்டி ஏன் 87க்குப் போயிற்று? இதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். மின்விசிறிக்குப் பிரெஞ்சில் வாந்திலாத்தர் என்று பெயர். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டதும் வகுப்பே வாந்தி, வாந்தி என்று சிரித்து, எல்லோரும் பெஞ்சு மேல் ஏறி நின்றோம். எங்கள் வாத்தியாருக்கு விசிறிக் காற்றும் ஆகாது, ஜன்னல் காற்றும் ஆகாது. எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் "கூரான் தேர்!" என்று கத்துவார். ஊடு காற்று என்று அர்த்தம். பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், சளி பிடிக்கும் என்பார். நாங்களோ தெரு வாசலிலிருந்து தோட்டம் வரைக்கும் காற்று ஓடுகிற வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள். திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம். சூடான காற்று முற்றத்து வழியாக மேலே போய்விடும், வாசல் பக்கமிருந்து புதுக் காற்று உள்ளே வரும். கரண்ட் இல்லாத காலத்தில் கட்டிய வீடு, மே மாதத்திலும் உள்ளே உட்கார முடியும்.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் என்ன செய்தேன் தெரியுமா? கம்ப்யூட்டர் வந்த வாரமே ஆசாரியை வரவழைத்து பிளைவுட்டில் மேஜை செய்யச் சொன்னேன். கீழே பெட்டி வைக்க ஓர் அறை. தூசி படக்கூடாது என்று அதற்குக் கதவு. கதவுக்குக் காந்தப் பூட்டு. அந்தக் கதவை வைக்கச் சொன்னவன் நான். ஆசாரி, "பின்னாடி ஓட்டை போடட்டுங்களா?" என்று கேட்டார். ஒயர் போகிற அளவுக்குப் போதும் என்று சொன்னவனும் நானே. அலமாரிக்குள் பெட்டி தான் விட்ட சூட்டையே மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது, எங்கள் வாத்தியாருக்குப் பிடித்த விதமாக.

பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து ஆடிப் பார்த்தோம். 81. செலவு ஒன்றுமில்லை.

ஆனால் தப்பெல்லாம் எனதும் அல்ல. பெட்டியின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மூன்று விசிறி, வானவில் போல விளக்கு எரியும். விசிறி இழுக்கக் காற்று எங்கிருந்து வரும்? கண்ணாடியின் ஓரத்தில் விரல் நுழையாத ஒரு சந்து, அதற்குள் தூசி வலை, வலையில் நம் ஊர்க் கடற்காற்றின் பிசுபிசுப்போடு சேர்ந்து அப்பிய தூசி. மூக்கைப் பொத்திவிட்டு ஓடச் சொல்லும் பெட்டி. இதைத்தான் "கேமிங் கேபினெட்" என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். விளக்குக்குக் காசு வாங்குகிறவர்கள் ஓட்டைக்குக் காசு வாங்கிக்கொண்டாவது முன்பக்கம் கம்பி வலை போட்டுத் தரலாமே! வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் முன்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று உள்ளே இழுபடுவது தெரியவில்லை என்றால் எத்தனை நிறம் மின்னினாலும் வேண்டாம். நாங்கள் கண்ணாடியைக் கழற்றி, வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டினோம். உள்ளே தூசியை ப்ளோயர் வைத்து ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பேரன் சொன்னான். இல்லாவிட்டால் கண்டபடி சுழன்று பழுதாகும். இப்போது 77.

கடைசி விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. திரையில் இன்னோர் எண்ணும் தெரிந்தது, 104, 110, 98 என்று மாறிக்கொண்டே இருந்தது. ஒரு விநாடிக்கு கார்டு எத்தனை படம் வரைகிறது என்ற கணக்காம்.

"மானிட்டர் எத்தனை காட்டும்டா?"

"அறுபது, தாத்தா."

"மிச்சம் நாற்பது?"

"அது வேஸ்ட்தான்."

எங்கள் அலுவலகத்தில் ஒரு மாதாந்திர அறிக்கைக்கு ஆறு பிரதி எடுப்போம். மேலே போவது மூன்று. மீதி மூன்று ஏன் என்று நான் சேர்ந்த வருஷம் கேட்டேன், ஓய்வு பெறும் வரை பதில் வரவில்லை. டைப் அடிப்பவரின் விரல் மட்டும் தேய்ந்தது. இங்கேயும் யாரும் பார்க்காத நாற்பது படத்துக்காக ஒரு சின்னத் தபால்தலை அளவுச் சில்லு வேகிறது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது, ஒன்றுமே நடக்காத மெனுத் திரையில் கார்டுகள் தலைதெறிக்கப் படம் வரைந்து சூடாயின. படத்தின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் வழியை பிளிஸார்டு நிறுவனமே அறிவிக்க வேண்டி வந்தது. 2021இல் அமேசானின் நியூ வேர்ல்டு சோதனை ஓட்டத்தில் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்தே போயின. அந்தக் கார்டுகளில் சால்டரிங் குறை இருந்தது என்று செய்தவர்கள் பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் மெனுவில் படத்துக்கு வரம்பு வைத்தது அமேசான். அத்தனை பெரிய இடத்தில் நடந்த பிறகும் அந்த வரம்பை முதலிலேயே வைத்து விற்க நம் கடைக்காரர்கள் ஒருவருக்கும் கை வரவில்லை. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 60 என்று போட்டால் போதும்.

பேரன் ஓர் ஆட்சேபம் சொன்னான். துப்பாக்கி சுடும் போட்டிகளில் கூடுதல் படம் வரைந்தால் கைக்கும் திரைக்கும் நடுவே தாமதம் கொஞ்சம் குறையுமாம். 144 தடவை காட்டும் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாது. ஒத்துக்கொள்கிறேன். மெக்சிகோவில் கார் ஓட்டுகிறவனுக்கு 60 போதும்.

போட்டான். 68 டிகிரி. மாவு மில் நின்றது. எனக்குப் படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. இன்னும் வேண்டுமானால் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டு இழுக்கும் கரண்டையே 80 சதவீதத்துக்குக் குறைக்கலாமாம், வேகம் கொஞ்சம்தான் குறையுமாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

87இலிருந்து 68. மொத்தச் செலவு ஒரு பழைய டூத் பிரஷ். கடைக்காரரும் மகனும் என்னைச் செலவழிக்கச் சொன்னது முப்பதாயிரத்துக்குக் குறையாது.

அன்று இரவு மகனைக் கூப்பிட்டு, கடிகாரத்தை வைத்து நான் எழுதிய தாளைக் காட்டினேன். பார்த்தான். "சரிப்பா" என்றான். பையனிடம் ஒரு வார்த்தை சொல்லேன் என்றேன். "சொல்றேன்" என்றான். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, சொல்லவில்லை. நான் என் பங்குக்கு அன்றைக்கே சொல்லிவிட்டேன், கதவு வைத்தது நான்தான் என்று. நாலு நண்பர்களிடமும் சொல்லியாயிற்று. கருவூலக்காரர் மட்டும் மாட்டை விடுவதாக இல்லை.

கழற்றிய கதவு சமையலறையில் வடகம் காயவைக்கப் பயன்படுகிறது. ஆனால் பெட்டியும் ஒயரும் வெளியே தெரிவது அசிங்கமாக இருக்கிறது, முன்னால் ஒரு திரைச்சீலை தைத்துத் தொங்கவிடலாமா என்று என் மனைவி கேட்கிறாள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.