ஆயிரம் பிறை கண்டவர்

கடலோரத்து வீடொன்றில் எண்பதாண்டு நிறைவு விழா நடைபெறுகின்றதென வைத்துக்கொள்வோம். புத்தளத்துக்கு வடக்கேயுள்ள கரைத்தீவே அவ்வூர் ஆகுக. முற்றத்திலே பந்தல், அடுப்பிலே பெருஞ்சட்டிகள். முதன்முதல் அங்கே குடியேறிக் கிணறு தோண்டித் தென்னை நட்ட குடும்பங்களின் வழிவந்தோர் திரண்டிருக்கின்றனர். கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் பேரப்பிள்ளைகள் வந்துள்ளனர். பெரியவரை நாற்காலியில் இருத்தி மாலையிட்டுப் படம் பிடிக்கின்றனர். விருந்து முடிகின்றது, யாவரும் விடைபெறுகின்றனர். அன்று முழுவதும் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: “அப்பா, சாப்பிட்டீர்களா?”

அன்போடு கேட்ட கேள்விதான், குறை கூறுவதற்கில்லை. ஆயினும், எண்பது ஆண்டு வாழ்ந்த ஒருவரிடம் கேட்பதற்கு வேறொன்றும் நமக்கு இல்லையா?

எண்பதைக் கடந்தவரை ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்பது நம் வழக்கு. கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் பௌர்ணமிகள் கழிய ஏறத்தாழ 80 ஆண்டும் 10 மாதமும் ஆகும். பிறை பார்த்து மாதம் கணிக்கும் முஸ்லிம் மக்களின் ஆண்டுக் கணக்கில் அதுவே 83 ஆண்டும் 4 மாதமும் ஆகும். கணக்கு எதுவாயினும் நிலவு ஒன்றே. அதைக் கண்ட கண்களும் அவையே.

அக்கண்கள் கண்டவை எத்தனை! 1955 ஜூன் 20 அன்று இலங்கையின் வானம் காலையிலேயே இருண்ட முழுச் சூரிய கிரகணத்தைச் சிறு பிராயத்தில் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உளர். 1964 டிசம்பரில் மன்னாரைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த புயலை அவர்கள் இளமையில் அறிந்தனர். 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கைப்பையோடு புத்தளம் மாவட்டத்துக்கு வந்தபோது அவர்கள் நடுவயதினர். வந்தவருக்கு முதல் நாள் சோறிட்டவர் யார்? எந்த வீட்டுக் கிணறு எத்தனை குடும்பங்களுக்குத் தண்ணீர் தந்தது? இவை அரசாங்கப் பதிவேடுகளில் ஏறா. பெரியவர் கண் மூடும் நாளில் அவையும் மூடிக்கொள்ளும். வந்தவரின் பேரனும் வரவேற்றவரின் பேரனும் ஒரே வகுப்பில் பயில்கின்றனர். ஒருவர் கடனை மற்றவர் அறியாமலே வளர்வது நல்லதன்று.

தொழிலறிவும் அவ்வாறே. சோளகம் எப்போது பெயரும், வாடை தொடங்கினால் வலையை எங்கே வளைப்பது, கரைவலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பனவற்றை எந்தப் பாடநூல் கூறும்?

“இதையெல்லாம் எழுத நாம் புலவரா?” என்று மாணவர் சிலர் தயங்கலாம். அவர்களுக்கு அதே கடற்கரையில் ஒரு சான்று உண்டு. கற்பிட்டியில் 1807-இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் மாவட்டங்கள், ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள் ஆகியவற்றை விளக்கும் ஆங்கில நூலை 1834-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழளவே! பின்னர் 1859-இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து மற்றொரு நூல் தந்தார். அடுத்த ஆண்டே மறைந்தார். அவர் தொகுத்து வைத்திராவிடில் எத்தனை பெயர்கள் மறைந்திருக்கும்!

ஆதலின், அடுத்த விழாவுக்குச் செல்லும் பிள்ளைகள் பரிசோடு ஓர் அப்பியாசக் கொப்பியையும் எடுத்துச் செல்க. விருந்து முடிந்ததும் பெரியவரின் அருகில் அமர்க. “நம் கிணற்றைத் தோண்டியவர் யார்?” என்று தொடங்குக. அவர் சொல்லும் முறையிலேயே, அவர் சொல்லும் சொற்களாலேயே எழுதுக. கேள்வி ஐந்தே போதும். களைத்துவிட்டால் மறுநாள் வருக. கேட்பவர் கிடைத்துவிட்டால் முதியவருக்குக் களைப்பு எளிதில் வருவதில்லை என்பதையும் அன்று காண்பீர்கள்.

மாலை மறுநாள் வாடிவிடும். அக்கொப்பி அவருடைய பேரனின் பேரனுக்கும் பிறந்தநாள் பரிசாக அமையும்.