கடைமடைக்கும் வரட்டும் வேகம்!

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்’ என்பார்கள். அவ்வளவு பெரிசு. ஆனால் கண்மாய் நிறைஞ்சா மட்டும் போதுமா? தலைமடைக்காரர் இஷ்டத்துக்குத் திறந்துவிட்டால் கடைமடை வயல் காயத்தான் செய்யும். இன்டர்நெட்டும் அப்படித்தான் என்பது என் கருத்து.

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருவது ஒரே 100 மெகாபிட் இணைப்பு. ரவுட்டருக்குப் பின்னால் அலுவலகம், லேப், நூலகம், ஹாஸ்டல் என நாலு நெட்வொர்க். லேபில் நாலு பேர் பெரிய ஃபைல்களை இறக்கினால் ஹாஸ்டலில் ஒரு பக்கம்கூடத் திறக்காது. இதற்குச் சிலர் பார்க்கும் வைத்தியம், ஹாஸ்டலுக்கு 5 மெகாபிட் என்று நிரந்தரப் பூட்டு! ராத்திரி அலுவலகமும் லேபும் மூடிக் கிடக்கும். மிச்ச வேகம் யாருக்கும் உதவாமல் போகும். இது என்ன நியாயம்?

லினக்ஸில் 2002 முதலே எச்.டி.பி. என்றொரு முறை இருக்கிறது. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஓர் உறுதிப் பங்கு, ஓர் உச்சவரம்பு. அலுவலகம் 20, லேப் 40, நூலகம் 15, ஹாஸ்டல் 20 என்று வையுங்கள், மொத்தம் 95. உச்சவரம்பும் எல்லோருக்கும் 95. ஒருவர் பங்கு சும்மா கிடந்தால் அடுத்தவர் கடன் வாங்கலாம். உரியவர் கேட்டதும் விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்!

100 இருக்க 95 ஏன்? முழுசையும் விட்டால் வரிசை நம் ரவுட்டரில் நிற்காது, இணைப்புக் கொடுப்பவரின் கருவியில் போய் நிற்கும். அங்கே நம் சட்டம் செல்லாது. இன்னொன்று, நாலு போர்ட்டிலும் தனித்தனியாகப் பங்கு வைத்தால் ஒன்றின் நிலவரம் இன்னொன்றுக்குத் தெரியாது. வருகிற டேட்டா முழுவதையும் ஒரே இடத்தில் சேர்த்துத்தான் பிரிக்கணும்.

“பசங்க சினிமா பார்க்கத்தானே கேக்குறாங்க?” என்பார்கள். பார்க்கட்டுமே! 2012-இல் லினக்ஸுக்கு வந்த எஃப்.க்யூ.கோடெல் முறையை ஒவ்வொரு பங்குக்குள்ளும் வைத்தால், ஒருவன் படம் இறக்கும்போதும் இன்னொருவனின் சின்ன வேலை தேங்காது. “பெரிய இணைப்பு வாங்கினால் தீர்ந்தது” என்பார்கள். முறையில்லாவிட்டால் அதையும் நாலு பேரே குடித்துவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். என்னைப் போன்றவர்களுக்கு வீட்டில் நெட் கிடையாது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், என்.பி.டி.இ.எல். பாடம், வேலைக்கு மனு எல்லாவற்றுக்கும் ஹாஸ்டல் இணைப்புதான் கதி. கடைசித் தேதியன்று பக்கம் திறக்காவிட்டால் ஒரு வருஷப் பணம் போச்சு!

ஆகவே நான் கேட்பது சலுகையல்ல, கணக்கு. எந்த நெட்வொர்க்குக்கு எவ்வளவு பங்கு என்று நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடட்டும். அதை முடிவு செய்யும்போது மாணவர் பிரதிநிதி ஒருவரும் உட்காரட்டும். ரவுட்டரில் அதை அமைக்கும் வேலையை டிப்ளமோ படிக்கிற நாமே செய்யலாமே! சிந்திப்போம், செயல்படுவோம்!