கிந்தனாருக்கு வாடகைக்கு வீடில்லை

சென்ற ஆண்டு திருக்கோகர்ணத்தில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன். முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடிக்க ஓர் அறை போதும். கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற பெரியவர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அட்வான்ஸ், வாடகை, கரண்ட் பில், மோட்டார் போடும் நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, நீங்க என்ன ஆளுக?"

"ஆராய்ச்சி பண்ற ஆளுகங்கய்யா" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உடன் வந்த நண்பனும் சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. மகள் குடும்பத்தோடு வந்து தங்கப்போகிறாளாம், வீடு கொடுப்பதற்கில்லையாம். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை அதன்பிறகும் ஒரு மாதம் அந்தக் கேட்டில் தொங்கியது.

வீடு மறுக்கப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. என்னை உறுத்தியது அந்தச் சிரிப்புதான். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டவர் அவர். ஆனால் அவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதென்று கோமாளி வேடம் போட்டவன் நான். ஒடுக்கப்பட்டவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. ஆதிக்க சாதிக்காரர் சிரித்துவிட்டால் அன்றைய பொழுது தப்பிக்கலாம்.

அந்த வாரத்தில்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபத்தை மறுபடியும் கேட்டேன். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் வருவது. படத்தின் கதை அறிஞர் அண்ணாவுடையது.

கலைவாணரைத் தமிழ்நாடு மறக்கவில்லை. ஆனால் எப்படி நினைவில் வைத்திருக்கிறது? வாரி வழங்கிய வள்ளல், கையில் காசு தங்காத மனிதர், யார் மனதையும் புண்படுத்தாமல் சிரிக்க வைத்தவர், இந்தியாவின் சார்லி சாப்ளின். பாராட்டிப் பாராட்டியே அவருடைய பல்லைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். உண்மையில் அவர் நிறையப் பேரின் மனதைப் புண்படுத்தியவர். புண்பட வேண்டியவர்கள் யார் என்று தெரிந்து செய்தவர்.

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தார். வறுமையால் நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன் வில்லுப்பாட்டுக்குப் போய், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, 1936இல் 'சதிலீலாவதி' மூலம் திரைக்கு வந்தார். எங்கள் புதுக்கோட்டை பி.யு.சின்னப்பா கதாநாயகனாக நடித்த 'ஆர்யமாலா', 'கண்ணகி' படங்களிலும் அவரும் டி.ஏ.மதுரமும் உண்டு. நகைச்சுவைப் பகுதியைத் தானே எழுதி, தன் குழுவைக் கொண்டே நடித்துக் கொடுப்பது அவர் வழக்கம். அதனால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் கையிலேயே இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு சிறை சென்று 1947இல் விடுதலையானார். 1957 ஆகஸ்ட் 30 அன்று மறைந்தபோது ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

நான்காம் வகுப்பைத் தாண்டாத அந்த மனிதர் படிப்பைப் பற்றித்தான் கிந்தனாரில் பாடினார்.

நந்தன் கதை நமக்குத் தெரியும். பெரியபுராணத்தில் அவர் திருநாளைப்போவார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதைக் கீர்த்தனையாக்கி, அதில் ஒரு வேதியர் பண்ணையாரையும் சேர்த்தார். 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக வந்தார்கள். எந்த வடிவத்திலும் முடிவு ஒன்றுதான்: சேரியில் பிறந்தவன் தீயில் இறங்கித் 'தூய்மையாகி'த்தான் தில்லைக்குள் போக முடியும். பண்டிதர் அயோத்திதாசர் இதை ஏற்க மறுத்து, நந்தனைப் பௌத்த அரசனாக மீட்டெழுதினார். கலைவாணர் வேறு வழியில் போனார். பக்திக் கதை சொல்லும் அதே கதாகாலட்சேப வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஒரு பள்ளிக்கூடப் பையனை உட்கார வைத்தார். நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனுக்குப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. நந்தன் "நாளை, நாளை" என்று காத்திருந்தான். கிந்தன் ரயில் ஏறிவிட்டான். எல்லாச் சாதியும் ஒரே வண்டியில் நெருக்கியடித்துப் போகிறது. ஆசாரம் பார்க்கிறவர் இறங்கி நடக்க வேண்டியதுதான். படித்துக் கல்வி அதிகாரியாகிறான் கிந்தன்.

இதில் கிந்தனைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. அவன் நிறம், குடிசை, பேச்சு எதுவும் அங்கே நகைச்சுவைப் பொருளல்ல. தீட்டு என்ற ஏற்பாடுதான் கேலிப் பொருள். இவ்வளவு எளிய விஷயத்தைத் தமிழ் சினிமா பின்னர் எத்தனை படங்களில் கைவிட்டது! கறுப்பு நிறமும் சவரத்தொழிலும் சலவைத்தொழிலும் பிச்சைப் பாத்திரமும் பல பத்தாண்டுகள் சிரிப்புக்கு மூலப்பொருளாயின. அடி வாங்குபவன் எப்போதும் கீழே இருப்பவன்தான்.

ஆதிக்கத்தைக் கேலி செய்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. பிரிட்டனில் பி.பி.சி. 1966 முதல் ஒளிபரப்பிய ஒரு நகைச்சுவைத் தொடரில் ஆல்ஃப் கார்னெட் என்ற நிறவெறியன் பாத்திரம் புகழ்பெற்றது. நடித்த வாரன் மிட்செல் யூதர், இடதுசாரி. நிறவெறியை அம்பலப்படுத்தத்தான் நடித்தார். ஆனால் ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஆல்ஃப் தங்கள் மனதில் இருப்பதைத்தான் பேசுகிறான் என்று கொண்டாடினார்கள். நிறவெறியனை மட்டும் நடுவில் நிறுத்தினால் சிரிப்பு இப்படித் திசைமாறும். கலைவாணர் நடுவில் நிறுத்தியது கிந்தனை. அந்த வேறுபாடு முக்கியமானது.

கிந்தனாருக்கும் ஓர் எல்லை உண்டு. அதை மறைத்துப் புகழ்வது கலைவாணருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கிந்தன் ஊரைவிட்டுத்தான் உயர்கிறான். இந்தியக் கிராமத்தைப் போற்றிப் பாடுவதற்கு எதிராக அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசியது 1948 நவம்பரில். அடுத்த ஆண்டு வந்த கிந்தனும் கிராமத்திலிருந்து தப்பிக்கிறான். ஆனால் ரயில் ஏறாதவர்கள்? எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். விசாரிக்கப்போன அதிகாரிகள் கண்டது தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை, கோயிலில் நுழையத் தடை. 'நல்லதம்பி' வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு இது. படித்து முடித்துத் திரும்பி வரும் கிந்தனுக்கோ, என்னைப் போல, வாடகைக்கு வீடில்லை.

ஆகவே கிந்தனாரைப் பள்ளி ஆண்டுவிழாவில் போட்டுக் காட்டிக் கைதட்டுவதோடு நிற்க முடியாது. அது கற்றுத்தரும் பாடம் ஒன்றுதான்: கேலிக்குரியது நம் பிறப்பல்ல, பிறப்பைக் கேட்கும் அந்தக் கேள்வி. இதை நான் ஒரு வீட்டை இழந்துதான் கற்றுக்கொண்டேன்.

பிறகு ஊருக்கு வெளியே ஓர் அறை கிடைத்தது. அதற்குள் இன்னும் மூன்று வீடுகளில் அதே கேள்வி. நான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. "எதுக்குக் கேக்குறீங்கய்யா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். ஒருவரிடமும் பதில் இல்லை. ஒருவரும் சிரிக்கவுமில்லை.